நாலாவது மூலை

கிட்டேரியா ஓடிக்கொண்டிருந்தாள். இடது கையில் காலிப் பானை, வலது கையில் வெட்டுக்கத்தி. செருப்பில் ஒன்று கரும்புச் சந்திலேயே கழன்று விழுந்துவிட்டது. குனிந்து எடுக்க நேரமில்லை.

சந்தை வண்டியை விட்டு இறங்கும்போதுதான் அது கண்ணில் பட்டது. மேட்டில், அவள் வயலும் மரினால்வாவின் வயலும் முட்டிக்கொள்ளும் மேல்மூலையில், வெள்ளைச் சட்டை போட்ட உருவம். கையில் செங்காட்டாமணக்குக் கொத்து. ஜெனேசியோ. எறும்புக்கு ஜெபிக்கிறவர். பக்கத்தில், தலையில் துண்டு கட்டிய மரினால்வா.

எங்கள் குடியேற்றத்தில் எறும்பு ஜெபம் என்றால் என்னவென்று நண்டு சிண்டுக்கும் தெரியும். வயலுக்கு நாலு மூலை. மூன்றில் நின்று ஜெபித்து, மூலைக்கொரு கொத்து நட்டு வழியை அடைப்பார்கள். நாலாவதை அடைக்க மாட்டார்கள். எறும்பும் ஒரு உயிர்தானே, வெளியேற வாசல் வேண்டாமா? அந்தத் திறந்த மூலை வழியாக எறும்புகள் கிளம்பிப் போய்விடும்.

எங்கே போகும்? பக்கத்து வயலுக்கு.

பக்கத்து வயல் கிட்டேரியாவுடையது.

அன்று விடியும்போதே அவளுடைய மரவள்ளியில் முதல் வரிசைகள் இலை இல்லாமல் நின்றன. காம்பு மட்டும். இலைவெட்டி எறும்புகளின் வேலை அப்படித்தான் இருக்கும். முதல் நாள் பச்சை, மறுநாள் குச்சி. இலை போனால் கிழங்கு பருக்காது. கிழங்கு இல்லையென்றால் மாவுக்கொட்டகைக்குக் கொண்டுபோக ஒன்றும் இல்லை. இரண்டு மழைக்காலம் தொடர்ந்து வெறுங்கையோடு வருகிற குடும்பம் நிலத்தை விட்டுவிட வேண்டும் என்பது எங்கள் சங்கத்தின் சட்டம். நெடுஞ்சாலை ஓரத்தில் கறுப்புத் தார்ப்பாய்க்குக் கீழே காத்திருக்கிற அடுத்த குடும்பம் உள்ளே வரும். கிட்டேரியாவுக்குப் போன மழை ஏற்கெனவே பொய்த்துவிட்டது.

அந்தத் தார்ப்பாய் எப்படிக் கொதிக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவள் மகள் பிறந்ததே அதற்கடியில்தான்.

மூச்சிரைக்க மேலே வந்து சேர்ந்தபோது ஜெனேசியோவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. குனிந்து கொத்தை மண்ணில் ஊன்றப் போனார்.

கிட்டேரியா வெட்டுக்கத்தியை வீசினாள். கொத்து இரண்டாகி விழுந்தது.

ஜெனேசியோ கையை இழுத்துக்கொண்டார். விரல்கள் பத்தும் இருக்கின்றனவா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

“ஜெபம் அறுந்துபோச்சு,” என்றார் மெதுவாக.

“அறுக்கத்தான் வந்தேன். யாரு வயல் பக்கமா எறும்பைத் தள்ளுறீங்க?”

மரினால்வா அவளுடைய வெறுங்காலைப் பார்த்தாள். “வெயில்ல ஓடி வந்திருக்கே. முதல்ல தண்ணி குடி, கொமாத்ரி.”

கிட்டேரியாவின் மகளுக்கு மரினால்வா ஞானத்தாய். ஒரு குழந்தையைப் பெற்றவளும் அதற்கு ஞானத்தாயாக நின்றவளும் ஒருவரையொருவர் எங்கள் பக்கத்தில் கொமாத்ரி என்றுதான் கூப்பிடுவார்கள். உடன்பிறந்தவளை விட ஒரு படி மேல். சண்டை வந்தாலும் அந்த வார்த்தையை விடமாட்டார்கள்.

கிட்டேரியா விட்டாள்.

“என்னை அப்படிக் கூப்பிடாத மரினால்வா. நான் சந்தைக்குப் போற நாளாப் பார்த்து ஜெபக்காரரைக் கூட்டிட்டு வந்திருக்கே. திருட்டுப் பூனை கூட நான் வீட்டுல இருக்கும்போது வரும்.”

“கிட்டேரியா, விஷயம் தெரியாம பேசாத,” என்று தொடங்கினார் ஜெனேசியோ. “இந்த ஜெபம்...”

மரினால்வா தன் உதட்டில் விரலை வைத்தாள். அவர் அடங்கிப்போனார்.

ஜெபத்துக்கு இன்னொரு சட்டமும் உண்டு. எறும்பு போய் முடியும்வரை கேட்டவரும் ஜெபித்தவரும் அந்த ஜெபத்தைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் பலிக்காது. அது கிட்டேரியாவுக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் அவள் கண்ணுக்குத் தெரிந்தது விரல் அல்ல, கள்ளத்தனம்.

“பார்த்தீங்களா? பேசக் கூட விடமாட்டா.”

ஜெனேசியோ தொப்பியை எடுத்துக்கொண்டார். போகும்போது மரினால்வாவிடம் தணிந்த குரலில், “வெள்ளிக்கிழமை திரும்ப வர்றேன். முதல்லேருந்து தொடங்கணும்,” என்றார்.

தணிந்த குரல்தான். ஆனாலும் கிட்டேரியாவின் காதில் விழுந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை.

அதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும்.

*

வியாழக்கிழமை சங்கத் தலைவர் பெல்மிரோ மாவுக்கொட்டகை வாசலில் டொமினோ ஆடிக்கொண்டிருந்தார். எதிரில் கிட்டேரியாவின் கணவன் அடெர்பால். அவன் தோற்றுக்கொண்டிருந்தான் என்பது பெல்மிரோவின் தொப்பை குலுங்குவதிலேயே தெரிந்தது.

கிட்டேரியா வந்து பலகையின் நடுவில் ஒரு மரவள்ளிக் குச்சியை வைத்தாள். இலையே இல்லாத குச்சி.

“இது என்ன, எனக்குப் பல் குத்தவா?” என்றார் பெல்மிரோ.

“என் வயல். பாதிக்கு மேல இப்படித்தான் நிக்குது. நாலு நாள்ல.”

பெல்மிரோவின் சிரிப்பு சுருங்கியது. “கிட்டேரியா, போன மழையும் உனக்கு...”

“தெரியும். அதுக்குத்தான் வந்தேன். பக்கத்து வயல்காரன் மாடு மேஞ்சு பயிர் போனா அந்த நஷ்டம் யார் கணக்கு?”

“மாட்டுக்காரன் கணக்கு. உன் பேர்ல ஏறாது.”

“அப்போ எறும்பை ஏவி விட்டவ கணக்குல இதை வைங்க. மரினால்வா ஜெபம் வச்சு, வாசலை என் பக்கம் திறந்துவிட்டிருக்கா. எறும்புப் பாதை அவ வயல்லேருந்துதான் வருது. நடந்து வந்து பாருங்க. அவ வயல்ல முடிஞ்சா அவ பேர்ல எழுதுங்க.”

“எறும்பை ஏவி விட்டதுக்கு நான் இதுவரைக்கும் பஞ்சாயத்து பண்ணினதில்லையே.”

“நாளைக்கு என் குடும்பத்தைத் தார்ப்பாய்க்கு அனுப்புறப்போ மட்டும் சட்டம் நல்லா ஞாபகம் வரும் உங்களுக்கு.”

அது தைத்தது. பெல்மிரோவும் அதே தார்ப்பாயிலிருந்து வந்தவர்தான். காய்களைக் கவிழ்த்துவிட்டு எழுந்தார். “சரி, நட. பாதை எங்கே போகுதோ அங்கே போவோம். நடுவுல நிக்கக் கூடாது, பாதை முடியிற இடம் வரைக்கும்.”

“முடியிற இடம் வரைக்கும்,” என்றாள் கிட்டேரியா.

அடெர்பால் காய்களை அடுக்கத் தொடங்கினான்.

“எதுக்குக் கிட்டேரியா ஊரைக் கூட்டிக்கிட்டு? நானே போய்ப் பார்த்துட்டு வர்றேன்.”

“நீ போய்ப் பார்த்தா சாட்சி ஆகுமா?”

“இல்ல, என் முட்டி வேற வலிக்குது.”

“டொமினோவுக்கு நடந்து வந்த முட்டிதானே,” என்றார் பெல்மிரோ. “அதே வலியோட வா.”

ஊருக்குச் செய்தி போக எங்கள் பக்கத்தில் தொலைபேசி தேவையில்லை. பெல்மிரோ தொப்பியை எடுத்து வைப்பதற்குள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். ஒருவன் மோட்டார் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு வந்தான். மரினால்வாவையும் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, கையைப் பாவாடையில் துடைத்தபடி வந்து சேர்ந்தாள். ஏன் என்று கேட்கவில்லை.

*

எறும்புப் பாதை ஒரு சாண் அகலத்துக்கு இருந்தது. யாரோ துடைப்பத்தால் பெருக்கிவிட்டதுபோல் ஒரு சருகு கிடையாது, ஒரு கல் கிடையாது. ஒரு பக்கம் வெறுந்தலையோடு வரும் கூட்டம். மறுபக்கம் தலைக்குமேல் பச்சைத் துண்டைத் தூக்கிக்கொண்டு திரும்பும் கூட்டம். அவை தூக்கிப் போனது கிட்டேரியாவின் மாவு மூட்டைகள்.

“நம்ம நகராட்சி போட்ட ரோட்டை விட நல்லா இருக்கு,” என்றான் மோட்டார் சைக்கிள்காரன்.

பாதை வயலின் குறுக்கே ஏறி, ஆள் உயரத் துவரை வேலிக்கு அடியில் நுழைந்து, அந்தப் பக்கம் போனது. அந்தப் பக்கம் மரினால்வாவின் நிலம்.

“பார்த்தீங்களா?” என்றாள் கிட்டேரியா. வேலியை விலக்கிக்கொண்டு முதலில் நுழைந்தவளும் அவள்தான்.

நுழைந்தவள் அங்கேயே நின்றாள்.

மரினால்வாவின் வயலில் மரவள்ளி இல்லை. குச்சிகள் இருந்தன. கீழ்க்கோடியிலிருந்து மேல்கோடிவரை, ஒரு இலை பாக்கியில்லாமல், நட்டுவைத்த ஊன்றுகோல்கள்போல். வேலி ஓரத்து எலுமிச்சை கூட மொட்டை. இது நாலு நாளில் நடந்ததல்ல. குச்சிகளே காய்ந்து வெளுத்திருந்தன.

“எப்போ ஆச்சு இது?” என்று கேட்டார் பெல்மிரோ.

“மழை தொடங்கினப்பவே,” என்றாள் மரினால்வா.

“சொல்லவே இல்லையே நீ.”

“சொன்னா இலை வருமா?”

பின்னாலிருந்து ஒரு பெண் முணுமுணுத்தாள். “மொட்டைக் குச்சிக்கு யாராவது ஜெபம் வைப்பாங்களா?”

நல்ல கேள்வி. கிட்டேரியாவுக்கும் உள்ளே ஏதோ ஒன்று இடறியது. ஆனால் பதினைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்ட வாய் திரும்ப மறுத்தது.

“அவளோடதைத் தின்னு முடிச்சுட்டுத்தானே என் பக்கம் வந்திருக்கு. மிச்சத்தை நான் சுமக்கணுமா?”

“இதுல மிச்சம் எங்கம்மா இருக்கு?” என்றார் பெல்மிரோ. “பாதை இங்கே முடியல. பாரு, மேல போகுது.”

மேலே காடு.

காடு என்று சொல்வது பழக்க தோஷம். குன்றின் உச்சியில் தொப்பி மாதிரி மிஞ்சியிருக்கிற ஒரு துண்டு. சுற்றி எல்லாப் பக்கமும் ஆலையின் கரும்பு. முன்பு இந்தக் குன்றிலிருந்து ஆற்றங்கரைவரை மரத்துக்கு மரம் தாவியே குரங்கு போய்விடுமாம். இப்போது குரங்கு இல்லை. ஒருநாள் அவற்றின் ஊளை நின்றது, அவ்வளவுதான். இந்தத் துண்டுக்குள் பிறந்தது இதற்குள்ளேயே சாக வேண்டும். கரும்புக்குள் இறங்கினால் அறுவடைக்கு முன் வைக்கிற தீ, தப்பினால் நாய். வெளியிலிருந்து புதிதாக ஒன்றும் உள்ளே வராது.

எறும்புக்கு மட்டும் இந்தத் துண்டு சொர்க்கம். ஓரத்தில் வெயில் விழுகிற இடத்திலெல்லாம் மெல்லிய இலைக் குட்டிமரங்கள் கூட்டமாக முளைத்திருந்தன. அவற்றுக்குப் பிடித்த தீனி. வீட்டு வாசலிலேயே சந்தை.

மரங்களுக்குள் நுழையும் இடத்தில் அடெர்பால் முன்னால் வந்து நின்றான்.

“போதும் பெல்மிரோ. காட்டுலேருந்து வருது. தெரிஞ்சுபோச்சு இல்ல? பாம்பு இருக்கும். திரும்பலாம்.”

“நீ எத்தனை தடவை இதுக்குள்ள போயிருப்பே? பாம்பு உன்னைப் பார்த்து ஓடணும்.”

“கிட்டேரியா, சொன்னாக் கேளு.”

அவன் குரலில் இருந்தது கோபமல்ல, கெஞ்சல். அதைக் கவனிக்கும் நிலையில் அவள் இல்லை.

“முடியிற இடம் வரைக்கும்னு சொல்லியிருக்கேன்,” என்று அவனைத் தள்ளிக்கொண்டு நடந்தாள்.

*

கொஞ்ச தூரத்தில் வெளிச்சம் வந்தது. காட்டுக்கு நடுவே வானம் தெரிந்தது. சுற்றியிருந்த மரங்கள் இலையை இழந்து நின்றன. அவற்றுக்கு நடுவில், ஒரு வீட்டு முற்றம் அளவுக்குச் சிவப்பு மண் பொங்கிக் கிடந்தது. ஒரு புல் முளைக்கவில்லை. மேடெங்கும் ஓட்டைகள். ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு பாதை. நாங்கள் பின்தொடர்ந்து வந்தது அதில் ஒன்றுதான்.

பெல்மிரோ ஒரு காலை வைத்தார். முழங்கால்வரை உள்ளே போனது. இரண்டு பேர் பிடித்து இழுத்தார்கள்.

“மாதாவே,” என்றார். “இது கீழே ஒரு ஊரே இருக்கும்போல.”

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

சரக். சரக். சரக்.

தகரத்தை உள்ளேயிருந்து யாரோ நகத்தால் கீறுவதுபோல்.

எல்லோரும் அசையாமல் நின்றார்கள். சத்தம் மேட்டின் ஓரத்திலிருந்து வந்தது. அங்கே மண்ணைக் குடைந்த பழைய குழிகள் இருந்தன. ஒரு குழியின் வாயில் மண்ணும் சருகும் போட்டு மூடிய ஒரு பெட்டி. அடெர்பால் எல்லோருக்கும் பின்னால் போய் நின்றுகொண்டான்.

கிட்டேரியா சருகை விலக்கினாள்.

பெரிய எண்ணெய்த் தகரம். வாயில் பொறிபோல் கீழே விழும் கதவு. பக்கவாட்டில் சிவப்புப் பெயின்டில் கோணல் மாணலான எழுத்து: கிட்டேரியா கடை. சுடு சோறு, கறி.

அவள் எழுதியது. சந்தைக்கடையின் முதல் நாளில், ஒரு பழைய தூரிகையால், நாக்கைக் கடித்துக்கொண்டு அவளே எழுதியது.

ஞாயிறுதோறும் சந்தையில் அவள் கடைக்கு வருகிறவர்கள் குரலைத் தாழ்த்தி, “கோழி இருக்கா?” என்று கேட்பார்கள். நிஜக் கோழியை யாரும் அப்படிக் கேட்பதில்லை. அவர்கள் கேட்பது டாட்டு. முதுகில் ஓடு சுமந்து, நகத்தால் மண்ணைக் குடைகிற விலங்கு. பிடிக்கக் கூடாது, விற்கக் கூடாது என்று அரசாங்கம் சொல்கிறது. தேங்காய்ப்பாலில் வேகவைத்தால் அது கோழியை விட மென்மையாக இருக்கும் என்று எங்கள் ஊரே சொல்லும். அடெர்பால் எங்கே பிடிக்கிறான் என்று அவள் கேட்டதில்லை. பானை நிறைந்தால் போதும்.

“சரி விடு, ஞாயித்துக்கிழமைக்கு ஆச்சு,” என்று யாரோ சிரித்தார்கள். கூட யாரும் சிரிக்கவில்லை.

கிட்டேரியா உள்ளங்கையால் தன் பெயரை மறைத்தாள்.

ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது. எல்லோரும் ஏற்கெனவே படித்தாயிற்று. காவல் எறும்புகள் அவள் மணிக்கட்டில் ஏறின. பெரிய தலை, கத்தரி வாய். கடித்தன. ரத்தம் புள்ளி புள்ளியாக வந்தது. கையை எடுக்கவில்லை.

சரக். சரக்.

கடைசியில் மறு கையால் கதவைத் தூக்கினாள். உள்ளே ஒரு சிறிய டாட்டு, சரியாக வளராதது. மூக்கு முழுக்க ஈரச் செம்மண். அந்த மண்ணில் பதிந்து கிடந்தன சிவப்பு எறும்புத் தலைகள். நாக்கு வெளியே வந்து அதையும் வழித்துக்கொண்டு போனது.

எத்தனை டாட்டுகளின் வயிற்றை அவள் கையால் கிழித்திருப்பாள். ஒவ்வொரு தடவையும் குடலோடு ஒரு பிடி வந்து விழும். எறும்பு, எறும்பின் வெள்ளைப் புழு, எறும்பு வளர்க்கிற பூஞ்சை. அருவருத்துக்கொண்டே கொல்லையில் வீசுவாள். அதைத் தின்னாத டாட்டு ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லை. கையால் எடுத்துக் கொட்டியவளுக்கு அதற்கு என்ன அர்த்தம் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

“இன்னும் எத்தனை இருக்கு இந்தக் காட்டுல?” என்று கேட்டாள், கணவனைத் திரும்பிப் பார்க்காமல்.

“தெரியல. ரொம்ப நாளா ஒண்ணும் விழல. போன வாரம்தான் தாய் விழுந்துச்சு. டாட்டு ஒரு ஈத்துக்கு நாலு போடும். ஒரே அச்சுல நாலு. இது அதுல ஒண்ணு.”

“மத்த மூணு?”

அடெர்பால் எல்லோரையும் ஒரு தடவை பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

“சின்னதா இருக்கே, எளசா வேகும்னு நீதானே சொன்னே.”

யாரோ இருமினார்கள். எங்களில் பாதிப் பேர் அந்த ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போயிருந்தோம்.

கிட்டேரியா தகரத்தைச் சாய்த்தாள். டாட்டு வெளியே வந்து, ஒரு நொடி வெயிலில் திகைத்து, பழைய குழிக்குள் ஓடி மறைந்தது. அதனால் இந்தப் புற்றை ஒன்றும் செய்ய முடியாது. டாட்டு தோண்டித் தீர்ப்பது இளம் புற்றுகளை. ராணி எறும்பு வந்து இறங்கி ஓரிரு மழை பார்த்தவற்றை. இவ்வளவு வளர்ந்ததை ஒரு குட்டி என்ன செய்யும்? இது இளசாக இருந்தபோது தோண்டியிருக்க வேண்டியவை எல்லாம் தேங்காய்ப்பாலில் வெந்துவிட்டன.

பெல்மிரோ தொண்டையைச் செருமினார். அவருக்குக் கேட்கப் பிடிக்கவில்லை என்பது தெரிந்தது. ஆனாலும் தலைவர்.

“பாதை முடிஞ்ச இடம் இதுதான். நஷ்டத்தை யார் பேர்ல எழுத?”

“பேரு தகரத்துலயே எழுதியிருக்கு,” என்றாள் கிட்டேரியா. “படிச்சுக்குங்க.”

“நிலம் போயிடும் கிட்டேரியா.”

“எழுதுங்க.”

கூட்டம் சத்தமில்லாமல் கலையத் தொடங்கியது. மரினால்வாவும் நடந்தாள்.

“கொமாத்ரி,” என்றாள் கிட்டேரியா.

மரினால்வா நின்றாள். முதுகு மட்டும் தெரிந்தது. திரும்புவாள் என்று கிட்டேரியா காத்திருந்தாள். அவள் தலைத்துண்டை அவிழ்த்து, உதறி, மறுபடி கட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.

*

வெள்ளிக்கிழமை காலையிலேயே கிட்டேரியா மேல்மூலையில் போய் நின்றாள். ஜெனேசியோ வரவேண்டிய நாள். வந்ததும் காலில் விழுந்துவிட வேண்டும். மரினால்வாவின் வயலுக்கு வைத்து நான் அறுத்துவிட்ட ஜெபத்தை முடித்துக் கொடுங்கள், வாசலை என் பக்கமே திறந்து வையுங்கள், எனக்கு இனி வயல் இல்லை என்று சொல்ல வேண்டும். வார்த்தைகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள்.

வெயில் ஏறியது. மரினால்வா ஓடைக்குத் தண்ணீருக்குப் போனாள், திரும்பி வந்தாள். இரண்டு தடவையும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஜெனேசியோ வரவில்லை.

கிட்டேரியா அவர் வீட்டுக்கே நடந்தாள். அவர் வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். அவள் கையைப் பார்த்தார். கடித்த இடமெல்லாம் வீங்கியிருந்தது.

“புகையிலைச் சாறு வை,” என்றார்.

“இன்னிக்கு வர்றேன்னு சொன்னீங்களே ஐயா.”

“வர வேண்டாம்னு சொல்லி அனுப்பிட்டா. இனிமே தேவையில்லையாம்.”

கிட்டேரியா படியில் அமர்ந்தாள். அடுக்கி வைத்த வார்த்தைகள் வரிசை கலைந்து வந்தன. “நான்தான் கெடுத்தேன். அவ வயலுக்கு நீங்க ஜெபிச்சதை நான்தான் வெட்டினேன். என்னைத் திட்டுங்க, என்ன வேணாலும் சொல்லுங்க. ஆனா அவ வயலுக்கு அதை முடிச்சுக் கொடுத்துடுங்க. அடுத்த நடவுக்காவது...”

ஜெனேசியோ உரிப்பதை நிறுத்தினார்.

“அவ வயலுக்கு நான் எப்பம்மா ஜெபிச்சேன்?”

“அன்னிக்கு, மேல்மூலையில. மூணாவது கொத்தோட நின்னீங்களே.”

“அந்த மூலை ரெண்டு வயலுக்கும் பொதுதானே. முதல் ரெண்டு கொத்து எங்கே நட்டேன்னு நீ போய்ப் பார்க்கவே இல்லையா? ஒண்ணு முந்திரி மரத்தடியில. ஒண்ணு ஓடைக்கரையில. இன்னும் அங்கேதான் நிக்கும், காஞ்சிருக்கும். பிடுங்கிப் போட்டுடு.”

முந்திரி மரம் கிட்டேரியாவின் வயலில் இருந்தது. ஓடை அவள் வயலின் கீழ்க்கோடியில் ஓடியது.

அவள் படியிலிருந்து எழுந்து நின்றாள்.

“ஜெபம் செத்துப்போச்சு, இனிமே சொன்னா குத்தமில்ல,” என்றார் ஜெனேசியோ. ஒரு அவரைக்காயை எடுத்து, உரிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார். “அன்னிக்குக் காலையில உன் முதல் வரிசையில இலை போனதைப் பார்த்துட்டு என்கிட்ட ஓடி வந்தா. ‘எனக்குப் போன வருஷம் நல்லா வெளைஞ்சது, ஒரு மழை பொய்ச்சா என் நிலம் போகாது. என் கொமாத்ரிக்குப் போயிடும். அவ வயலைச் சுத்தி அடைச்சுட்டு, நாலாவது மூலையை என் பக்கம் திறந்து வையுங்க ஐயா’ன்னா.”